மிகக் குறைவாக இழுத்த கணினிதான் வீடு முழுக்க வைஃபையை நிறுத்தியது: ஒரு நிகழ்வு ஆய்வு

வீட்டில் இணையம் மெதுவானால் உடனே எல்லாரும் கேட்பது, “யார் டவுன்லோட் போட்டிருக்கீங்க?” என்பதுதான். அதிகம் இழுப்பவரைப் பிடித்தால் சிக்கல் தீரும் என்ற நம்பிக்கை. பல வீடுகளில் அது சரியாகவும் இருக்கும். இங்கே நான் எழுதப்போகும் வீட்டில் இருந்த கணினிகளிலேயே மிகக் குறைவாக இழுத்துக்கொண்டிருந்த ஒன்றுதான் மற்ற எல்லாவற்றையும் நிறுத்தி வைத்திருந்தது. அதனால்தான் மாதக்கணக்கில் யார் கண்ணிலும் அது படவில்லை. இதே கோளாறு வேறு வீடுகளிலும் இருக்கிறது. அங்கெல்லாம் திட்டத்தை உயர்த்தி, ரவுட்டரை மாற்றி, வீண் செலவு செய்துகொண்டிருக்கிறார்கள். அதனால் விவரமாகவே எழுதுகிறேன்.

வீடு திருநெல்வேலியில், என் அக்காவுடையது. கீழே ஹால், இரண்டு படுக்கையறை, சமையலறை. மாடியில் பின்பக்கம் ஒரே ஒரு அறை. அத்தான் வரிக் கணக்கு பார்ப்பவர். அந்த மாடி அறைதான் அவருடைய அலுவலகம். ஃபைபர் இணைப்பு ஹாலில் டிவிக்குப் பக்கத்தில் வந்து இறங்குகிறது. நிறுவனம் கொடுத்த ஒரே பெட்டியில் மோடமும் வைஃபையும் சேர்ந்தே இருக்கின்றன. 2.4 கிகாஹெர்ட்ஸ், 5 கிகாஹெர்ட்ஸ் என்று இரண்டு அலைவரிசையிலும் அது பேசும். இரண்டுக்கும் ஒரே பெயர் வைத்திருந்தார்கள்.

கோளாறு இதுதான்: சாயங்காலம் ஆறரைக்கு மேல் டிவியில் எதைப் போட்டாலும் வட்டம் சுற்றிக்கொண்டே இருக்கும். அக்காவின் போனில் வாட்ஸ்அப் வீடியோ அழைப்பு உறைந்து போகும். மருமகன் பொறியியல் படிக்கிறான். அவன் அறையில் மடிக்கணினியில் ஒரு பக்கம் திறக்கவே நேரம் பிடிக்கும். ஒன்பது மணிக்கு மேல் தானாகச் சரியாகிவிடும். காலையில் எந்தக் குறையும் இல்லை.

“சாயங்காலம் எல்லாரும் பாப்பாங்க, லைன்ல லோடு” என்று தெருவில் சொன்னார்கள். இணைய நிறுவனத்துக்குப் புகார் போனது. ஆள் வந்தார், ஹாலில் நின்று தன் போனில் ஸ்பீட் டெஸ்ட் போட்டார், தொண்ணூறுக்கு மேல் காட்டியது. “லைன் நல்லாத்தான் இருக்கு சார்” என்று போய்விட்டார். அவர் சொன்னது பொய் இல்லை, அதற்கு அப்புறம் வருகிறேன். அதற்கு முன்பே 50 எம்பிபிஎஸ் (விநாடிக்கு இத்தனை மெகாபிட் என்ற வேக அளவு) திட்டத்தை 100 ஆக உயர்த்தியிருந்தார்கள். அதிலும் மாற்றம் இல்லை.

நான் போனபோது முதலில் கேட்டது நேரத்தைப் பற்றித்தான். எல்லா நாளும் இப்படித்தானா என்றேன். அக்கா யோசித்துவிட்டு, “ஞாயித்துக்கெழம மட்டும் படம் நிக்காம ஓடும்டா” என்றாள்.

தெரு முழுக்க நெரிசல் என்றால் ஞாயிறு மாலைதான் மிக மோசமாக இருக்க வேண்டும். எல்லாரும் வீட்டில் இருக்கும் நாள் அது. அன்று மட்டும் நன்றாக ஓடுகிறது என்றால், காரணம் தெருவில் இல்லை, வாரத்தில் ஆறு நாள் நடந்து ஞாயிறு மட்டும் நடக்காத ஏதோ ஒன்று வீட்டுக்குள் இருக்கிறது. ஒரு பழுதை ஆராயும்போது வேலை செய்யாத நேரத்தை விட, வேலை செய்கிற நேரத்தைப் பற்றிக் கேட்பது பல சமயம் கூடுதல் பலன் தரும்.

லைனா, காற்றா?

சாயங்காலம் ஏழு மணி, கோளாறு உச்சத்தில். டிவி சுற்றிக்கொண்டிருக்கிறது. அந்த நேரத்தில்தான் அளக்க வேண்டும். காலையில் அளந்தால் எல்லாம் நல்லபடியாகவே காட்டும், ஒன்றும் தெரியாது.

மடிக்கணினியை ஒரு லேன் கேபிளில் நேரடியாக ரவுட்டரில் சொருகினேன். வைஃபையை அணைத்துவிட்டு ஸ்பீட் டெஸ்ட் போட்டால் 94 எம்பிபிஎஸ், பதிவேற்றமும் பதிவிறக்கமும் கிட்டத்தட்ட அதே அளவு. 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் துளையில், தரவோடு சேர்ந்து போகும் முகவரி போன்ற கூடுதல் தகவல் போக 94, 95தான் கையில் கிடைக்கும், ஆகவே முழு வேகம் வருகிறது என்று பொருள். பிங் என்பது ஒரு சிறு செய்தியை அனுப்பி, பதில் வர எவ்வளவு நேரம் ஆகிறது என்று அளப்பது. கூகுளின் 8.8.8.8 என்ற முகவரிக்கு பிங் போட்டால் இருபது சொச்சம் மில்லி விநாடியில் ஒரே சீராகப் பதில். டிவி நின்றுபோயிருக்கும் அதே நிமிடத்தில் கேபிளில் எல்லாம் ஒழுங்காக இருக்கிறது. சரி, நிறுவனம், லைன், தெரு எல்லாம் விடுதலை.

அடுத்து கேபிளைக் கழற்றிவிட்டு வைஃபையில் இணைந்து, வெளியே எங்கும் போகாமல் ரவுட்டருக்கே பிங் போட்டேன். 192.168.1.1, கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும் பெட்டி. இந்த ஒரு சோதனையைப் பலரும் செய்வதில்லை. ஸ்பீட் டெஸ்ட் வீட்டிலிருந்து எங்கோ இருக்கும் சர்வர் வரை முழுப் பாதையையும் சேர்த்து ஒரே எண்ணாகச் சொல்கிறது; எந்தப் பகுதியில் கோளாறு என்று அது சொல்லாது. ரவுட்டருக்குப் போடும் பிங், வீட்டுக்குள் காற்றில் நடப்பதை மட்டும் தனியாகக் காட்டும்.

மடிக்கணினி 5 கிகாஹெர்ட்ஸில் இணைந்திருந்தபோது 2, 3 மில்லி விநாடி. நன்றாகவே இருந்தது. அமைப்பில் போய் 2.4 கிகாஹெர்ட்ஸுக்கு மட்டும் மாற்றினேன். இடத்தை விட்டு அசையவில்லை. பதில்கள் 90, 240, 610 என்று தாறுமாறாக வந்தன, நடுவில் சில வரவே இல்லை.

நிறுவனத்து ஆள் கண்டதும் வீட்டார் கண்டதும் ஏன் வேறாக இருந்தன என்பது அப்போது விளங்கியது. அவருடைய புதிய போன் ஹாலில் நின்றபோது 5 கிகாஹெர்ட்ஸைப் பிடித்துக்கொண்டது. அந்த வீட்டு டிவிக்கு 2.4 மட்டுமே தெரியும். அக்காவின் போனும் அப்படித்தான். மருமகனின் அறை இரண்டு சுவர் தள்ளி இருப்பதால் அவன் மடிக்கணினி 5 ஐ விட்டுவிட்டு 2.4க்கு இறங்கிவிடுகிறது. இரண்டு அலைவரிசைக்கும் ஒரே பெயர் இருந்ததால் யார் எதில் இருக்கிறார்கள் என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. முதல் வேலையாக இரண்டுக்கும் வேறு வேறு பெயர் வைத்தேன்.

அக்கம்பக்கம்

2.4 கிகாஹெர்ட்ஸில் கோளாறு என்றதும் பக்கத்து வீட்டு வைஃபைகளின் மீது சந்தேகம் வருவது நியாயம். இந்த அலைவரிசை குறுகியது. ஒன்றோடொன்று மோதாத சேனல்கள் 1, 6, 11 என்று மூன்றுதான். போனில் வைஃபை அனலைசர் செயலியைத் திறந்து பார்த்தால் 6இல் நல்ல கூட்டம், 11 ஓரளவு காலி. 11க்கு மாற்றினேன். பிங்கில் மாற்றம் தெரியவில்லை. ரவுட்டர் பக்கத்திலேயே இருக்கும்போது அண்டை வீட்டுக் குறுக்கீடு மட்டும் அறுநூறு மில்லி விநாடி தாமதத்தை உண்டாக்க வேண்டுமானால் அங்கே பெரிய போக்குவரத்து நடக்க வேண்டும். அதுவும் ஞாயிறு மட்டும் நிற்காது.

ஆக, வீட்டுக்குள் ஏதோ ஒரு கருவி. மருமகன் ஏற்கனவே இதை யோசித்திருக்கிறான். அவன் சொன்னது: “மாமா, நான் எல்லாத்தையும் பாத்துட்டேன். அப்பா கம்ப்யூட்டர்ல டாஸ்க் மேனேஜர் கூட பாத்தேன். ஒண்ணரை எம்பிபிஎஸ் கூட போகல. நம்ம லைன் நூறு. அது எப்படி அடைக்கும்?”

அவன் தர்க்கத்தில் குறை இல்லை. கேபிளாக இருந்தால் அந்தக் கணக்கு முற்றிலும் சரி. வைஃபைக்குத்தான் அது பொருந்தாது.

ஒரு திரையில் ரவுட்டருக்கான பிங்கை நிறுத்தாமல் ஓடவிட்டு, ஒவ்வொரு கருவியாக வைஃபையிலிருந்து துண்டித்தோம். டிவி போனது, மாற்றம் இல்லை. போன்கள் போயின, மாற்றம் இல்லை. மருமகன் மாடிக்குப் போய் அத்தானின் கணினியில் வைஃபையை அணைத்தான். அடுத்த வரியே 3 மில்லி விநாடி. அதற்கடுத்ததும் 3. ஒரே கோடு போட்டாற்போல் நின்றது. மேலே குரல் கொடுத்து மறுபடி இணைக்கச் சொன்னால் எண்கள் மறுபடி எகிறின. தற்செயல் இல்லை என்று உறுதியாகும்வரை மாற்றி மாற்றிச் செய்தோம்.

மாடி அறை

“வைரஸா இருக்குமோ?” என்று அத்தான் பயந்தார். வாடிக்கையாளர்களின் கணக்கெல்லாம் அதில் இருக்கிறதே என்று அவருக்குக் கவலை. டாஸ்க் மேனேஜரில் வலையமைப்பைப் பயன்படுத்திக்கொண்டிருந்தது ஒரே ஒரு நிரல். அது அவரே போட்டுக்கொண்ட மேகச் சேமிப்பு ஒத்திசைவு. மாலை வேலை முடிந்ததும் கணக்கு மென்பொருள் அன்றைய காப்புநகலை ஒரே ஜிப் கோப்பாக ஒரு ஃபோல்டரில் எழுதுகிறது. அளவு 1.4 ஜிபி. அந்த ஃபோல்டர் தானாக மேகத்துக்கு ஏறுகிறது. கோப்பு தினமும் புதிதாக உருவாவதால் முழுக் கோப்பும் ஒவ்வொரு நாளும் மறுபடி ஏறும். ஞாயிறு அலுவலகம் கிடையாது, காப்புநகலும் கிடையாது.

1.4 ஜிபி என்றால் 11.2 கிகாபிட். 1.5 எம்பிபிஎஸ் வேகத்தில் ஏற்றினால் 7,467 விநாடி, அதாவது இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆறரைக்குத் தொடங்கினால் எட்டரை, எட்டே முக்கால். பொருந்துகிறது.

நேரம் பொருந்தினாலும் காரணம் இன்னும் விளங்கவில்லை. 100 எம்பிபிஎஸ் லைனில் ஒன்றரை எம்பிபிஎஸ் எப்படி ஊரையே நிறுத்தும்?

கணினியைத் திருப்பிப் பின்பக்கம் பார்த்தேன். சிபியூ மேசைக்கு அடியில், சுவரோடு ஒட்டி இருந்தது. பின்னால் நீல நிற யூஎஸ்பி 3.0 துளையில் நகத்தளவு வைஃபை டாங்கிள் ஒன்று, மேலே தூசி படிந்து. அதை ஒட்டினாற்போல் அடுத்த துளையில் வெளி ஹார்ட் டிஸ்க்கின் கேபிள். மேசைக்குப் பக்கத்திலேயே கோப்புகள் அடுக்கிய இரும்பு பீரோ, அதுவும் சரியாக மாடிப்படி இருக்கும் திசையில். ரவுட்டர் கீழே ஹாலின் மறுகோடியில். நடுவில் கம்பி போட்ட கான்கிரீட் தளம், செங்கல் சுவர்கள், பீரோ, தகரத்தாலான சிபியூ பெட்டி. இத்தனையையும் தாண்டி அந்த நகத்தளவு டாங்கிள் கீழே வரை பேச வேண்டும்.

கமாண்ட் பிராம்ப்ட்டில் நெட்ஷ் கட்டளையைப் போட்டு இணைப்பின் நிலையைப் பார்த்தேன். சிக்னல் முப்பது சதவீதத்தை ஒட்டி. அனுப்பும் வேகம் ஒரு சமயம் 6.5, ஒரு சமயம் 1 எம்பிபிஎஸ். மீண்டும் மீண்டும் கட்டளையைப் போட்டாலும் இந்த இரண்டுக்கும் இடையேதான் ஊசலாடியது. கோளாறு முழுவதும் இந்த எண்ணில்தான் இருக்கிறது.

நீலத் துளையையும் ஹார்ட் டிஸ்க்கையும் நான் சும்மா குறிப்பிடவில்லை. யூஎஸ்பி 3.0 கருவிகளும் கேபிள்களும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் வானொலி இரைச்சலை உண்டாக்குகின்றன என்று இன்டெல் 2012இலேயே ஓர் ஆய்வறிக்கை வெளியிட்டது. ரவுட்டரிலிருந்து ஏற்கனவே ஈனமாக வரும் சிக்னலுக்குப் பக்கத்திலேயே இரைச்சல் என்றால், டாங்கிளுக்குக் காது கேட்பதே கடினம்.

ஏன் ஒரு கணினி எல்லாரையும் இழுத்து நிறுத்துகிறது

வைஃபையில் ஒரு சேனலில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். பேச நினைப்பவர் முதலில் காற்று அமைதியாக இருக்கிறதா என்று கேட்பார். யாராவது பேசிக்கொண்டிருந்தால் காத்திருப்பார். அமைதியானதும் ஒரு சிறு தற்செயலான (ரேண்டம்) நேரம் பொறுத்துவிட்டுத் தொடங்குவார். இந்த விதி எல்லாருக்கும் சமம். ஆனால் எதில் சமம் என்பதுதான் கேள்வி. எத்தனை முறை பேசலாம் என்பதில் சமம், எவ்வளவு நேரம் பேசலாம் என்பதில் சமம் இல்லை.

தெருக்குழாயில் ஆளுக்கு ஒரு குடம் என்று முறை வைத்திருப்பதைப் போல. ஒருவர் வாய் குறுகிய குடத்தைக் கொண்டுவந்து சொட்டுச் சொட்டாகப் பிடித்தால், அவர் எடுத்தது ஒரு குடம்தான் என்றாலும் வரிசை முழுக்கக் காத்து நிற்கும்.

எண்களில் பார்த்தால் இது எவ்வளவு கடுமையானது என்று தெரியும். இணையத்தில் தரவு பாக்கெட் என்ற சிறு துண்டுகளாகப் போகிறது. ஒரு முழு பாக்கெட் 1,500 பைட், அதாவது 12,000 பிட். ஹாலில் இருக்கும் மடிக்கணினி 130 எம்பிபிஎஸ் இணைப்பு வேகத்தில் இதை அனுப்ப 0.09 மில்லி விநாடி போதும். 6.5இல் 1.85 மில்லி விநாடி. 1 எம்பிபிஎஸ்ஸில் 12 மில்லி விநாடி. மாடிக் கணினி ஒரு பாக்கெட் அனுப்பும் நேரத்தில் கீழே நூற்றுக்கும் மேல் அனுப்பியிருக்கலாம்.

அத்தோடு முடியவில்லை. ஒவ்வொரு பாக்கெட்டும் சேர்ந்ததற்கு எதிர்முனை ஒப்புகை அனுப்ப வேண்டும். அது வராவிட்டால் அதே பாக்கெட் மறுபடி போகும், வேண்டுமானால் பல முறை. காற்று அத்தனை முறையும் செலவாகும். டாஸ்க் மேனேஜர் கணக்கில் மட்டும் அது ஒரே முறைதான். மருமகன் கண்ட ஒன்றரை எம்பிபிஎஸ்ஸுக்குப் பின்னால் காற்று ஏறத்தாழ முழுவதும் நிரம்பியிருந்தது அவன் திரையில் தெரிய வழியே இல்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும், இதைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். டிவிக்கு, அக்கா போனுக்கு, மருமகனுக்கு, எல்லாருக்கும் வரவேண்டிய தரவை அனுப்புவது ரவுட்டர் ஒன்றுதான். காற்றில் இடம் பிடிக்கும் போட்டியில் ரவுட்டரும் ஒரே ஓர் ஆள். இத்தனை பேருக்குப் பரிமாறும் அதற்கும், தனக்காக மட்டும் கோப்பு ஏற்றும் மாடிக் கணினிக்கும் ஏறத்தாழ ஒரே அளவு முறைதான் கிடைக்கிறது. ஆகவே பலவீனமான ஒரு கணினி பதிவிறக்கம் செய்யும்போது செய்கிற கெடுதலை விட, பதிவேற்றம் செய்யும்போது செய்கிற கெடுதல் மோசமாக இருக்கும். பதிவிறக்கத்தில் எதை எப்போது அனுப்புவது என்பதில் ரவுட்டருக்கு ஓரளவு பிடி உண்டு. பதிவேற்றத்தில் அந்தப் பிடி கிடையாது.

இது புதிதாகக் கண்டுபிடித்த விஷயம் இல்லை. பிரான்சில் கிரெனோபிளைச் சேர்ந்த ஆராய்ச்சியாளர் மார்ட்டின் ஹ்யூஸும் அவருடைய குழுவினரும் 2003இலேயே கணினி வலையமைப்புகளுக்கான இன்ஃபோகாம் மாநாட்டில் இதைக் கணக்குப் போட்டுக் காட்டினார்கள். அன்றைய 11 எம்பிபிஎஸ் வைஃபையில் ஒரே ஒரு கருவி 1 எம்பிபிஎஸ்ஸுக்கு இறங்கிவிட்டால் மற்ற எல்லாருக்கும் கிடைப்பது 1 எம்பிபிஎஸ்ஸுக்கும் கீழே போய்விடுகிறது என்பதுதான் அவர்கள் கண்டது. பழைய கருவிகளோடும் ஒத்துப்போக வேண்டும் என்பதற்காக 1997ஆம் ஆண்டு வைஃபை விதிகளின் அந்த 1 எம்பிபிஎஸ் வேகம் 2.4 கிகாஹெர்ட்ஸில் இன்னும் உயிரோடு இருக்கிறது. சிக்னல் கெட்டால் கருவிகள் அங்கே போய் விழுகின்றன.

ஒரு நியாயமான எதிர்க்கேள்வி

இதைப் படிக்கும் விவரமானவர் ஒருவர், “பதிவேற்றம்தானே, இது பஃபர்ப்ளோட்டாக இருக்கலாமே” என்று கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். ஒரு கணினி லைனின் பதிவேற்ற அளவை முழுவதும் நிரப்பும்போது, மோடத்தில் பாக்கெட்டுகள் நீண்ட வரிசையில் தேங்கி எல்லாருக்கும் தாமதம் கூடும். கணினி நிரலாளர் ஜிம் கெட்டிஸ் 2010இல் தன் வீட்டிலிருந்து பெரிய கோப்புகளை ஏற்றும்போது இதைக் கண்டு, துருவி ஆராய்ந்து, பஃபர்ப்ளோட் என்ற பெயரையும் வைத்தார். வலையமைப்பு ஆராய்ச்சியாளர்கள் கேத்லீன் நிக்கோல்ஸும் வேன் ஜேக்கப்சனும் 2012இல், வரிசை நீளாமல் பார்த்துக்கொள்ளும் கோடெல் என்ற முறையை அதற்குத் தீர்வாகத் தந்தார்கள். ஏற்றம் 1 எம்பிபிஎஸ்ஸுக்கும் குறைவாக இருந்த தொலைபேசிக் கம்பியில் வந்த பழைய டிஎஸ்எல் இணைப்புகளில் ஒரு கணினி வீட்டையே நிறுத்துவது பெரும்பாலும் இதனால்தான்.

இந்த வீட்டில் அது இல்லை என்பதற்குச் சான்று முன்பே கையில் இருந்தது. மாடிக் கணினி ஏற்றிக்கொண்டிருந்த அதே நேரத்தில் கேபிளில் பிங் சீராக இருந்தது. லைனில் வரிசை தேங்கியிருந்தால் கேபிளிலும் அது தெரிந்திருக்கும். நூறில் ஒன்றரை என்பது லைனை நிரப்பவும் போதாது.

இருந்தாலும் ஊகத்தில் விட மனமில்லை. ஒரு சோதனை செய்தோம். டாங்கிளைப் பின்னாலிருந்து பிடுங்கி, ஒரு யூஎஸ்பி நீட்டிப்பு வயரில் மாட்டி, பீரோவைத் தாண்டி அறை வாசலில், மாடிப்படி தெரியும் இடத்தில் ஒரு நாற்காலி மீது வைத்தோம். கணினி அதே, கோப்பு அதே, ஒத்திசைவு அதே. இணைப்பு வேகம் 52க்கும் 65க்கும் ஏறியது. பதிவேற்றம் 25 எம்பிபிஎஸ்ஸுக்குத் தாவியது. கீழே ஹாலில் 2.4 கிகாஹெர்ட்ஸில் பிங் 5இலிருந்து 15க்குள் நின்றது. டிவி ஓடியது.

முன்பை விடப் பதினாறு மடங்குக்கும் மேல் தரவை அந்தக் கணினி தள்ளிக்கொண்டிருக்கிறது, மற்றவர்களுக்குத் தொந்தரவு இல்லை. வைரஸ், லைன், பஃபர்ப்ளோட் எல்லாச் சந்தேகமும் இந்த ஒரு சோதனையில் தீர்ந்தது. மருமகன் திரையைப் பார்த்துவிட்டு, “அதிகமா அனுப்பினா நல்லா இருக்கு, கம்மியா அனுப்பினா கெடுதா?” என்றான். நேரத்தைப் பற்றிய கணக்கை அவனுக்கு அப்போதுதான் தாளில் எழுதிக் காட்டினேன்.

தீர்வு

டாங்கிளை வாசலிலேயே விட்டிருக்கலாம். ஆனால் ஆள் நடமாடும் இடம், தவிர கதவை மூடினால் சிக்னல் இறங்கும். கடையில் கேட்டபோது இரண்டு யோசனை சொன்னார்கள். முதலாவது, அதிக சக்தியில் அனுப்பும் ரவுட்டர். ரவுட்டர் உரக்கப் பேசினால் மாடிக் கணினிக்கு நன்றாகக் கேட்கும். ஆனால் இங்கே டாங்கிள் பேசுவதும் ரவுட்டருக்குச் சரியாகக் கேட்கவில்லை. டாங்கிளின் சக்தி கூடப்போவதில்லை. போனில் சிக்னல் கோடுகள் நிறைய இருந்தும் அனுப்புவது மட்டும் திணறும் வீடுகளில் இதுதான் நடக்கிறது. இரண்டாவது யோசனை, மாடிப்படியில் ஒரு ரிப்பீட்டர். அது அதே சேனலில் ஒவ்வொரு பாக்கெட்டையும் கேட்டு மறுபடி சொல்லும், காற்று இரண்டு முறை செலவாகும். 1 எம்பிபிஎஸ் நிலைமைக்கு அது எவ்வளவோ மேல்தான். ஆனால் நகராமல் ஒரே இடத்தில் இருக்கும் கணினிக்கு, அதுவும் தினமும் ஒரு ஜிபிக்கு மேல் அனுப்பும் கணினிக்கு, கேபிள் போட இடம் இருக்கும்போது காற்றை ஏன் நம்ப வேண்டும்?

கேட்6 என்ற வகை லேன் கேபிள் வாங்கினோம். எலக்ட்ரீஷியன் ஹாலிலிருந்து வெளிச்சுவர் வழியாக, சன்ஷேடுக்கு அடியில் பைப்புக்குள் விட்டு மாடி ஜன்னல் ஓரம் ஏற்றினார். மின்சார வயர் போகும் பைப்பிலேயே இதையும் விட்டுவிடலாம் என்றார், பாதுகாப்புக்காகத் தனிப் பைப் போடச் சொன்னேன். இந்தக் கேபிளுக்கு நூறு மீட்டர் வரை கணக்கு. வீட்டுக்குள் அந்த எல்லை வரவே வராது. வெயில் படும் இடத்தில் பைப் இல்லாமல் விட்டால் மேலுறை சில வருடங்களில் வெடித்துவிடும் என்பதை மட்டும் கவனிக்க வேண்டும்.

கேபிள் வரும்வரை இடைப்பட்ட நாட்களுக்கு, காப்புநகல் ஃபோல்டரின் ஒத்திசைவை மாலையில் நிறுத்திவைத்து, எல்லாரும் படுத்தபின் ஓடவிடச் சொன்னேன். கணினியை இரவில் போட்டுவைக்க வேண்டியிருந்ததில் அத்தானுக்கு விருப்பமில்லை, ஆனால் காப்புநகலை நிறுத்தச் சொல்ல எனக்கும் மனம் வரவில்லை. அவர் தொழிலுக்கு அது உயிர்.

வேறு சில ரவுட்டர்களில் இதற்கு மென்பொருள் வழியிலும் ஓரளவு மருந்து உண்டு. பழைய 1, 2, 5.5, 11 வேகங்களை அணைத்துவிடும் வசதி இருந்தால், பலவீனமான கருவி அந்த அடிமட்டத்துக்கு இறங்க முடியாது. முறைகளைச் சமமாகப் பங்கிடாமல் காற்று நேரத்தைச் சமமாகப் பங்கிடும் முறையும் வந்துவிட்டது. டோக்கே ஹொய்லாண்ட்-யோர்கன்சென் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய கூட்டாளிகளும் 2017இல் அதை லினக்ஸில் செய்துகாட்டி, கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். ஓப்பன்டபிள்யூஆர்டி போன்ற திறந்த ரவுட்டர் மென்பொருளில் அதன் பலன் கிடைக்கிறது. இணைய நிறுவனங்கள் இலவசமாகக் கொடுக்கும் பெட்டிகளில் இந்த அமைப்புகளைத் திறந்தே வைத்தால் எத்தனையோ வீடுகளின் புகார் குறையும். அக்கா வீட்டுப் பெட்டியில் இரண்டும் இல்லை.

கேபிள் இணைத்த அன்று மாலை காப்புநகல் ஏறி முடிய இரண்டு நிமிடத்துக்குச் சற்று மேல் ஆனது. அந்த இரண்டு நிமிடமும் லைன் நிரம்பத்தான் செய்தது. டிவி அதைத் தாங்கிக்கொண்டது. 2.4 கிகாஹெர்ட்ஸில் பிங் மாலை முழுக்க ஐந்து மில்லி விநாடியைத் தாண்டவில்லை. அடுத்த மாதம் திட்டத்தை மறுபடி 50க்கே இறக்கிக்கொண்டார்கள். இப்போது காப்புநகலுக்கு நான்கு நிமிடம் ஆகிறது.

கேபிள் போட்டபின் அத்தானிடம் கண்டிப்பாகச் சொன்ன ஒரு வேலை, டாங்கிளைக் கணினியிலிருந்து கழற்றிவிடுவது. அது சொருகியே இருந்தால், கேபிள் எப்போதாவது தளர்ந்தாலோ யாராவது பிடுங்கிவிட்டாலோ விண்டோஸ் சத்தமில்லாமல் வைஃபைக்கு மாறிக்கொள்ளும். மாடியில் ஒன்றும் தெரியாது, கீழே பழைய கதை தொடங்கிவிடும். டாங்கிள் இல்லாவிட்டால் கேபிள் கழன்ற நிமிடமே மாடிக் கணினியில் இணையம் நின்றுவிடும். எங்கே பார்க்க வேண்டும் என்று அத்தானுக்கே தெரிந்துவிடும்.